மே 22-ஆம் தேதிக்கு யார் என்ன வைத்திருந்தார்கள்?

2025 செப்டம்பரில் ஒரு தேதி உலகமெங்கும் கைப்பேசிகளில் சுற்றியது. அந்த மாதம் 23, 24 தேதிகளில் இயேசு திரும்பி வந்து விசுவாசிகளை வானத்துக்கு எடுத்துக்கொள்வார் என்று தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஒருவர் வீடியோவில் சொல்லியிருந்தார். வேலையை விட்டுவிட்டோம், காரை விற்றுவிட்டோம் என்று சிலர் டிக்டாக்கில் பேசினார்கள். 25-ஆம் தேதி வழக்கம்போல விடிந்தது. அன்றிலிருந்து இரண்டு விதமான பேச்சு. "இவர்கள் நம்பவே இல்லை, ஆள் சேர்க்க நடித்தார்கள்" என்கிறது ஒரு தரப்பு. "பாவம், ஏமாந்த அப்பாவிகள்" என்கிறது இன்னொரு தரப்பு.

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் நடந்தது புரியாமலே போய்விடும். மனதார நம்பியவர்களும் தங்கள் நலனைப் பார்த்திருக்கிறார்கள். ஆதாயம் அடைந்தவர்களிலும் மனதார நம்பியவர்கள் இருந்திருக்கிறார்கள். எதையும் ஊகிக்காமல் பார்க்க ஒரு வழி உண்டு: குறித்த தேதிக்கு மறுநாளுக்காக யார் எதை மிச்சம் வைத்திருந்தார்கள் என்று தேடுவது. அதற்குக் கணக்குகள் நன்றாகக் கிடைக்கும் நிகழ்வு, அமெரிக்காவில் கிறிஸ்தவ வானொலி நடத்திய ஹரால்ட் கேம்பிங் குறித்த 2011 மே 21. அதை நடுவில் வைத்து, வேறு சிலவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம்.

முதலில் சில சொற்கள்

1. எடுத்துக்கொள்ளப்படுதல்: உயிரோடிருக்கும் விசுவாசிகள் ஒரு நொடியில் மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்ற நம்பிக்கை. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 4-ஆம் அதிகாரம் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. தமிழ்ச் சபைகளில் 'இரகசிய வருகை' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எல்லாக் கிறிஸ்தவர்களும் இதை இப்படி ஏற்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையில் இது கிடையாது.

2. தேதி குறித்தல்: வருகை உண்டு என்று நம்புவது வேறு, அது இந்த நாளில் என்று சொல்வது வேறு. "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்று மத்தேயு 24:36 சொல்வதால், பெரும்பாலான சபைகள் தேதி குறிப்பதைத் தவறு என்றே போதிக்கின்றன.

3. மனப்பூர்வம்: வாயால் சொல்வதை ஒருவர் உள்ளேயும் நம்புவது. சொன்னது உண்மையா என்பது இதில் அடங்காது. முழு மனதோடு நம்பி முழுப் பொய்யைச் சொல்ல முடியும்.

4. சுயலாபம்: பணம் மட்டும் இல்லை. மரியாதை, தலைமை, கூட்டத்தில் ஓர் இடம், மற்றவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்ற நிறைவு, தண்டனையிலிருந்து தப்பிக்கும் ஆசை, எல்லாம் சேர்ந்தது.

கேம்பிங் போட்ட கணக்கு

ஹரால்ட் கேம்பிங் 1921-இல் பிறந்தவர். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்தவர். 1950-களின் இறுதியில் ஃபேமிலி ரேடியோ என்ற கிறிஸ்தவ வானொலியை நண்பர்களோடு சேர்ந்து தொடங்கினார். ஓக்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த வானொலி, காணிக்கையாலேயே நடந்தது. அமெரிக்கா முழுக்க நிலையங்கள், சிற்றலையில் பல மொழிகளில் ஒலிபரப்பு என்று வளர்ந்தது. நேயர்கள் தொலைபேசியில் கேள்வி கேட்க, கேம்பிங் மெதுவான, கனத்த குரலில் வசனத்தைப் புரட்டிப் பதில் சொல்வார்.

அவர் கணக்கை ஓர் இன்ஜினியரின் பாணியில் போட்டார். நோவாவின் வெள்ளம் கி.மு. 4990. வெள்ளத்துக்கு முன் கடவுள் நோவாவிடம் "இன்னும் ஏழுநாள்" என்றார். பேதுருவின் நிருபம் கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம்போல என்கிறது. அப்படியானால் 7,000 ஆண்டுகள். சுழியம் என்று ஓர் ஆண்டு இல்லாததால் ஒன்றைச் சேர்த்தால் 2011 வருகிறது. அடுத்து, இயேசு சிலுவையில் அறையப்பட்டது கி.பி. 33 ஏப்ரல் 1 என்று வைத்து, அங்கிருந்து 7,22,500 நாள் எண்ணினார். 5, 10, 17 ஆகிய மூன்றையும் பெருக்கி, வந்த தொகையை அதே தொகையால் பெருக்கினால் கிடைப்பது 7,22,500. ஐந்து என்றால் பாவநிவிர்த்தி, பத்து என்றால் முழுமை, பதினேழு என்றால் பரலோகம் என்பது அவருடைய விளக்கம்.

முடிவு: 2011 மே 21 மாலை 6 மணிக்கு, ஒவ்வொரு நாட்டிலும் அந்த நாட்டு நேரப்படி நிலநடுக்கம் தொடங்கும். சுமார் 20 கோடிப் பேர் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மீதிப் பேர் ஐந்து மாதம் வேதனைப்பட்டு, அக்டோபர் 21 அன்று உலகத்தோடு அழிவார்கள். மத்தேயு 24:36-ஐக் காட்டிக் கேட்டவர்களுக்கு, "ஞானியின் இருதயம் காலத்தையும் நியாயத்தையும் அறியும்" என்ற பிரசங்கி 8:5-ஐ அவர் காட்டினார். 1994 செப்டம்பரைக் குறித்து அவர் ஏற்கெனவே ஒருமுறை தவறியிருந்தார். ஆனால் அப்போது "இருக்கலாம்" என்று ஓர் ஓட்டை விட்டிருந்தார். இந்த முறை விடவில்லை. வேதாகமம் உறுதி அளிக்கிறது என்றே விளம்பரப் பலகைகளில் போட்டார்கள்.

இந்தக் கணக்கில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு பகுதி உண்டு. பின்விளைவுகளைப் புரிந்துகொள்ள அதுதான் முக்கியம். சபைகளின் காலம் 1988 மே 21-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்று கேம்பிங் போதித்தார். எந்தச் சபையிலும் இனிக் கடவுள் இல்லை, வெளியே வாருங்கள் என்றார். கேட்டவர்கள் வெளியே வந்தார்கள். போதகர், ஞாயிறு ஆராதனை, கூடவே வளர்ந்த குடும்பங்கள், எல்லாவற்றையும் விட்டு வானொலியோடு மட்டும் நின்றார்கள். "அண்ணே, இந்தக் கணக்கு சரியாகப் படலையே" என்று பக்கத்து இருக்கையிலிருந்து சொல்ல ஆள் இல்லாமல் போனது. காணிக்கைக்கும் வேறு போக்கிடம் இல்லாமல் போனது.

5 டாலரா, 500 டாலரா?

"உண்மையில் நம்பினார்களா?" என்பதற்கு வழக்கமாகக் கிடைப்பது ஊகம்தான். 2011-இல் நான்கு பொருளாதார ஆய்வாளர்கள் ஊகத்தை விட்டு நேராகச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களில் பெர்க்லியைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஃபேமிலி ரேடியோவின் ஓக்லாந்து பக்கத்து ஊர்தான்.

மே 21-க்கு முன், கேம்பிங்கின் போதனையைப் பின்பற்றிய ஒரு சிறு குழுவிடம் அவர்கள் ஒரு தேர்வை வைத்தார்கள். இப்போதே 5 டாலர் வேண்டுமா, நான்கு வாரம் கழித்து அதைவிடப் பெரிய தொகை வேண்டுமா? நான்கு வாரம் கழித்து என்பது மே 21-ஐத் தாண்டிய நாள். பெரிய தொகையை ஏற்றிக்கொண்டே போய் 500 டாலர் வரை வந்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, உலக முடிவை நம்பினாலும் தேதி குறிக்காத ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையினரிடமும் இதையே கேட்டார்கள்.

அட்வென்டிஸ்டுகள் எல்லோரையும்போல நடந்துகொண்டார்கள். தொகை கொஞ்சம் கூடியதுமே காத்திருக்கத் தயாரானார்கள். கேம்பிங்கின் ஆட்களில் கிட்டத்தட்ட எல்லோரும் 500 டாலரை வேண்டாம் என்று சொல்லி 5 டாலரை வாங்கினார்கள். நூறு மடங்கு பணத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நடிப்பவர் கேமரா முன் அழலாம், பாடலாம். யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு தாளில் 500-ஐ அடித்துவிட்டு 5-ஐ எழுத அவருக்கு எந்தத் தேவையும் இல்லை. அவர்கள் மனதார நம்பினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து கிடையாது.

அதே தாளை இன்னொரு முறை பாருங்கள். அவர்கள் 5 டாலரை வேண்டாம் என்று சொல்லவில்லை. பணம் செல்லுபடியாகும் நாள்வரை அதைக் கணக்காகத்தான் பார்த்தார்கள். ஜூன் மாதத்துப் பணம் அவர்களுக்குச் செல்லாக்காசு, மே மாதத்துப் பணம் கைப்பிரதி அச்சடிக்கவாவது உதவும். தன் நலனைப் பார்க்கும் புத்தி எங்கும் போய்விடவில்லை. அது கேம்பிங்கின் நாட்காட்டிக்குள் வேலை செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நம்பிக்கைக்குள்ளேயே இருக்கும் சுயலாபம்

நியூயார்க்கில் போக்குவரத்துத் துறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், 60 வயது, தன் சேமிப்பிலிருந்து சுமார் 1,40,000 டாலர் செலவழித்து சுரங்க ரயில்களிலும் பஸ் நிறுத்தங்களிலும் மே 21 பற்றி விளம்பரம் வைத்தார். அன்று மாலை 6 மணிக்கு டைம்ஸ் சதுக்கத்தில் நின்றார். சுற்றிலும் கூட்டம், கேமராக்கள், கேலி. மணி ஆறைத் தாண்டியது. தனக்குப் புரியவில்லை, தான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை போலிருக்கிறது, நாம் இன்னும் இங்கேதானே இருக்கிறோம் என்ற பொருளில் நிருபர்களிடம் ஏதோ சொன்னார். படங்களில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு இளம் தம்பதி. மனைவி மருத்துவம் படிக்கப் போவதாக இருந்தவர். இருவரும் அதையெல்லாம் விட்டுவிட்டு, சிறு பெண் குழந்தையோடு ஊர் மாறி, கைப்பிரதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மே 21 அன்று கையில் எதுவும் மிஞ்சாதபடி செலவைத் திட்டமிட்டிருப்பதாக வானொலிப் பேட்டியில் சொன்னார்கள். இரண்டாவது குழந்தை ஜூன் மாதத்தில் பிறக்கவிருந்தது.

இவர்கள் தங்கள் நலனைத் துறந்தவர்கள் என்று சொல்லத் தோன்றும். அவர்கள் பார்வையில் துறக்கவில்லை. நெருப்பிலிருந்து தப்பும் 20 கோடிப் பேரில் தாங்களும் இருப்போம் என்பதைவிடப் பெரிய ஆதாயம் என்ன இருக்கிறது? அதற்கு விலை 1,40,000 டாலர் என்றால், நம்புகிறவருக்கு அது மலிவு. அதோடு, ஊரை எச்சரிக்காவிட்டால் மற்றவர்களின் இரத்தப்பழி தன்மேல் வரும் என்ற பயமும் உண்டு. எசேக்கியேல் 33-இல் வரும் காவற்காரனை கேம்பிங் திரும்பத் திரும்பச் சொன்னது அதனால்தான்: எக்காளம் ஊதாத காவற்காரன் கையில் பழி கேட்கப்படும். அன்பும் பயமும் சொந்த லாபமும் ஒரே செயலில் இப்படிப் பின்னிக் கிடக்கும்போது, இது தியாகமா சுயலாபமா என்று கேட்டால் இரண்டும்தான் என்பதே நேர்மையான பதில்.

கடன் பத்திரத்தில் இருந்த தேதி

இதற்கு நேர் எதிரான நிகழ்வு தென்கொரியாவில் நடந்தது. டாமி மிஷன் என்ற இயக்கத்தின் தலைவர் லீ ஜாங் ரிம், 1992 அக்டோபர் 28 நள்ளிரவில் விசுவாசிகள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று அறிவித்தார். நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். கர்ப்பத்தைக் கலைத்த பெண்களும் இருந்தார்கள், தற்கொலைகளும் நடந்தன. அன்றிரவு சியோலில் தேவாலயத்துக்கு உள்ளே வெள்ளை உடையில் ஜெபம். வெளியே போலீஸ், தீயணைப்பு வண்டிகள், நிருபர்கள், பிள்ளைகளைத் தேடி வந்த பெற்றோர்.

அன்று லீ அங்கே இல்லை. செப்டம்பரிலேயே கைதாகியிருந்தார். காணிக்கையில் சுமார் 40 லட்சம் டாலர் மோசடி என்பது குற்றச்சாட்டு. விசாரணையில் அவர் முதலீடாக வாங்கி வைத்திருந்த கடன் பத்திரங்கள் கிடைத்தன. அவற்றின் முதிர்வு தேதி, அதாவது போட்ட பணம் திரும்பக் கிடைக்கும் நாள், 1993 மே. உலகத்தைவிட்டுப் போகும் நாள் என்று ஊருக்குச் சொன்ன தேதிக்கு ஏழு மாதம் பிந்தியது. டிசம்பரில் நீதிமன்றம் அவருக்கு இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

ஓக்லாந்தில் கொடுத்த 5 டாலர் சோதனையும் சியோலில் கிடைத்த கடன் பத்திரமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: தேதிக்குப் பிறகு வரும் பணத்துக்கு நீ எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறாய்? ஒரு குழுவின் பதில் சுழியம். லீயின் பதில் அவர் வாங்கிய பத்திரத்திலேயே இருந்தது.

யாரும் பொய் சொல்லாமலே ஒரு நிறுவனம் ஆதாயம் அடையலாம்

கேம்பிங்கை எந்தப் பக்கத்தில் வைப்பது? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. அவருடைய கணக்கில் இரண்டு பக்கமும் சான்று இருக்கிறது.

1. அவர் வானொலியிலிருந்து சம்பளம் வாங்கவில்லை. ஆடம்பரமாக வாழ்ந்தார் என்று யாரும் காட்டவில்லை.

2. நிறுவனம் தன் சொத்தைத் தானே கரைத்தது. 2007-இல் சுமார் 13.5 கோடி டாலராக இருந்த நிகர சொத்து 2011 முடிவில் 3 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. உலகம் தொடரும் என்று கணக்குப்போடும் நிறுவனம் இப்படிச் செலவழிக்காது.

3. ஆனாலும் எல்லாவற்றையும் விற்றுவிடவில்லை. வானொலி நிலையங்களும் அவற்றின் உரிமங்களும் மே 22 அன்று அப்படியே இருந்தன. வரி, கணக்குத் தாக்கல் வேலைகளும் வழக்கம்போல நடந்தன. ஒரு மாநிலத்தில் ஆவணம் தாக்கல் செய்ய, அக்டோபர் 21-ஐத் தாண்டிய நாள்வரை அவகாசம் கேட்டதாக அப்போதே செய்தி வந்தது. ஊழியர்களில் பலர் தேதியை நம்பவில்லை என்றும் உள்ளே இருந்தவர்கள் பத்திரிகைகளிடம் சொன்னார்கள்.

4. மே 23 அன்று நிருபர்கள் கேம்பிங்கிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள். வாங்கிய காணிக்கையைத் திருப்பித் தருவீர்களா? முடிவு இன்னும் வரவில்லையே, ஏன் தர வேண்டும் என்றார். உங்கள் உடைமைகளைக் கொடுத்துவிடுவீர்களா? நான் வீட்டில் இருக்க வேண்டும், கார் ஓட்ட வேண்டும், நியாயத்தீர்ப்பு நாள் என்றால் கொடுத்து என்ன பயன் என்றார்.

கடைசிப் பதில் என்னை மிகவும் உறுத்துகிறது. தர்க்கப்படி அதில் தவறில்லை. எல்லாம் அழியப்போகிறது என்றால் கொடுத்தாலும் ஒன்றுதான், வைத்தாலும் ஒன்றுதான். ஆனால் இதே தர்க்கத்தை அவர் தன் நேயர்களிடம் சொல்லவில்லை. அவர்களிடம் கொடுங்கள் என்றார். கொடுத்தாலும் வைத்தாலும் ஒன்றுதான் என்ற நிலையில், ஒருவர் வைத்துக்கொள்கிறார், மற்றவர்கள் கொடுக்கிறார்கள். இதற்குப் பொய் தேவையில்லை. தலைவர் தன் கணக்கை மனதார நம்பலாம். கணக்காளர் வழக்கப்படி படிவத்தை நிரப்பலாம். வழக்கறிஞர் தன் வேலையைச் செய்யலாம். எல்லோரும் அவரவர் இடத்தில் நேர்மையாக இருக்க, இழப்பு மட்டும் ஓய்வூதியக்காரர் பக்கமும் இளம் தம்பதி பக்கமும் சேர்கிறது. இதைப் பிடிக்க உள்மனதைத் தோண்டத் தேவையில்லை. எந்த முடிவு திருப்ப முடியாதது, அதை யார் எடுத்தார்கள் என்று பார்த்தால் போதும்.

இந்த இழப்பு அமெரிக்காவோடு நிற்கவும் இல்லை. 2011 மே தொடக்கத்தில் வியட்நாமின் வடமேற்கு மலைப்பகுதியில், டியன் பியன் மாகாணத்து மூங் நே மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மங் இன மக்கள் கூடினார்கள். அரசு படையை அனுப்பிக் கலைத்தது. அவர்கள் கூடியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அவர்கள் மொழியில் கேட்ட கேம்பிங்கின் செய்தி.

1844: கிழங்கைத் தோண்டாத விவசாயி

அட்வென்டிஸ்டுகளை அந்தச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்ததில் ஒரு வரலாறு இருக்கிறது. அவர்களுடைய சபையே தவறிப்போன ஒரு தேதியிலிருந்து பிறந்தது.

நியூயார்க் மாநிலத்து விவசாயி வில்லியம் மில்லர், தானியேல் 8:14-இல் வரும் 2,300 நாட்களை 2,300 ஆண்டுகளாக எடுத்து, கி.மு. 457-இலிருந்து எண்ணினார். முதலில் சொன்னது 1843 மார்ச்சுக்கும் 1844 மார்ச்சுக்கும் நடுவே. அது தவறியபின், அவரைப் பின்பற்றிய சாமுவேல் ஸ்நோ 1844 அக்டோபர் 22 என்று குறித்தார். பல்லாயிரம் பேர் ஏற்றார்கள். அறுவடைக் காலம் அது. இப்போது தோண்டினால் தன் நம்பிக்கையே பொய் என்றாகிவிடும் என்று நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு விவசாயி உருளைக்கிழங்கை நிலத்திலேயே விட்டார். அந்த ஆண்டு கிழங்கு அழுகல் நோய் வந்து, முன்னதாகத் தோண்டியவர்களின் கிழங்கு வீணானது என்றும், தாமதமாகத் தோண்டிய இவருடைய கிழங்கு தப்பி நல்ல விலைக்குப் போனது என்றும் அட்வென்டிஸ்டுகள் சொல்வார்கள். இந்தக் கதையை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் கெட்டிக்கார வியாபாரி. விளைவைப் பார்த்து ஒருவரின் மனதைப் படிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. பாஸ்டனில் மில்லரின் பத்திரிகைகளை நடத்திய ஜோஷுவா ஹைம்ஸ் பணம் சுருட்டுகிறார் என்று பேச்சு கிளம்பியது. அவர் வெளிப்படையாக மறுத்தார். நம்பியவர்கள் எல்லோரும் வெள்ளை அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு கூரையில் ஏறினார்கள் என்ற கதையும் பரவியது. பின்னால் ஆராய்ந்தவர்கள் அதற்கு உருப்படியான ஆதாரம் காணவில்லை. தோற்றவர்களைப் பற்றிப் பொய் சொல்வதிலும் ஒரு சுகம் இருந்திருக்கிறது.

அக்டோபர் 23 காலையில் ஹைரம் எட்சன் என்பவர் சோள வயல் வழியே நடந்தபோது அவருக்கு ஒரு விளக்கம் தோன்றியது: தேதி சரி, இடம்தான் தவறு, தானியேல் 8:14 சொல்லும் பரிசுத்த ஸ்தலம் பூமியில் இல்லை, பரலோகத்தில் இருக்கிறது. இரவு முழுக்க அழுதவர் அவர். இந்த விளக்கம் கிடைக்காவிட்டால், விட்டுவந்த சபைக்கும் சிரித்த ஊருக்கும் முன்னால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அவருக்கு அந்த விளக்கம் தேவைப்பட்டது. அதை அவர் நம்பவும் செய்தார். கேம்பிங்கும் 2011 மே 23 அன்று இதே வழியில்தான் போனார்: நியாயத்தீர்ப்பு ஆவிக்குரிய விதத்தில் நடந்துவிட்டது, அக்டோபர் 21 மாறவில்லை என்றார்.

இப்படித் தோற்றபின் நம்பிக்கை இன்னும் இறுகும் என்ற கருத்தை உளவியலில் பிரபலமாக்கியது, 1954 டிசம்பரில் சிகாகோ அருகே வெள்ளத்துக்காகக் காத்திருந்த ஒரு சிறு குழுவைப் பற்றிய ஆய்வு. அந்தக் குழுவுக்குள் ஆய்வாளர்களே விசுவாசிகளாக நடித்துப் புகுந்திருந்தார்கள். நடந்ததில் அவர்களுடைய கையும் இருந்தது. ஆகவே அதை எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியாக எடுக்க வேண்டாம். பெரும்பாலானவர்கள் சத்தமில்லாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை.

நம்பாதவர்களைச் சுயநலக்காரர்கள் என்ற ஊர்

சுயலாபம் என்ற சொல்லே எந்தப் பக்கமும் திரும்பும் என்பதைத் தென்னாப்பிரிக்காவில் பார்க்கலாம். 1856-இல் நோங்காவூசே என்ற பதின்வயதுப் பெண், முன்னோர்கள் தன்னிடம் பேசினார்கள் என்றாள். மாடுகளை எல்லாம் கொல்லுங்கள், தானியத்தை அழியுங்கள், விதைக்காதீர்கள். இறந்தவர்கள் எழுவார்கள், புது மாடுகள் வரும். ஐரோப்பாவிலிருந்து வந்த மாடுகள் கொண்டுவந்த நுரையீரல் நோயில் கோசா மக்களின் மந்தை ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்தது. நிலத்தை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கோசா மக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். நம்பி மாட்டைக் கொன்றவர்கள் 'மென்மையானவர்கள்', கொல்ல மறுத்தவர்கள் 'கடினமானவர்கள்'. கடினம் என்ற சொல்லில் கஞ்சத்தனம் என்ற பொருளும் உண்டு. எல்லோரும் கொன்றால்தான் முன்னோர் வருவார்கள் என்று சொல்லியிருந்ததால், தன் மந்தையைக் காப்பாற்றியவன் ஊர் முழுக்கக் காத்திருக்கும் நன்மையைத் தடுக்கிறவன் ஆனான். தேதி தவறியதும் பழி அவன்மேல் விழுந்தது. சுமார் 4 லட்சம் மாடுகள் கொல்லப்பட்டன. பசியில் சுமார் 40,000 பேர் இறந்தார்கள். ஆளுநர் ஜார்ஜ் கிரே அந்தப் பஞ்சத்தைப் பயன்படுத்தி, பிழைத்தவர்களைக் குடியேற்றப் பண்ணைகளுக்குக் கூலிகளாக அனுப்பினார், நிலத்தை வெள்ளையருக்குக் கொடுத்தார். இதில் கணக்குப் பார்த்து லாபம் அடைந்தது தீர்க்கதரிசனத்தை ஒரு நாளும் நம்பாத அந்த அரசுதான்.

சட்டம் எதுவரை கேட்கலாம்?

கேம்பிங்மேல் ஏன் மோசடி வழக்கு இல்லை என்று பலர் கேட்டார்கள். அமெரிக்காவில் இதற்கு வழிகாட்டி 1944-இல் வந்த பல்லார்டு தீர்ப்பு. நோய்களைக் குணமாக்கும் சக்தி தங்களுக்கு இருப்பதாகச் சொல்லித் தபால் வழியே பணம் திரட்டியதாக ஒரு தாயும் மகனும் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் சொன்னது இது: அவர்கள் நம்பியது உண்மையா பொய்யா என்று ஜூரி கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் எந்த மதமும் தப்பாது. அவர்கள் அதை மனதார நம்பினார்களா என்பது மட்டுமே ஜூரி முன் வைக்கத்தக்க கேள்வி.

நீதிபதி ராபர்ட் ஜாக்சன் அதற்கும் உடன்படவில்லை. நம்பத்தக்கதா என்று பார்க்காமல் நம்பினாரா என்று எப்படி முடிவு செய்வீர்கள் என்பது அவர் வாதம். அது நியாயமான கவலைதான். ஆனால் தேதி குறித்தவர்கள் விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது. வேதத்துக்குள் போகாமலே தேதிக்குப் பிந்தைய ஒப்பந்தங்களைப் பார்க்கலாம். லீயின் வழக்கில் கடன் பத்திரம் பேசியது. கேம்பிங்கிடம் அந்த அளவுக்கு எதுவும் இல்லை.

சட்டத்தின் எல்லை அங்கே முடிந்துவிடுகிறது. வீட்டில் ஒருவர் நாளை ஒரு தேதியைச் சொல்லிக்கொண்டு வந்தால் குடும்பம் பார்க்க வேண்டியவை வேறு.

1. அவர் எந்த முடிவைத் திருப்ப முடியாதபடி எடுக்கப்போகிறார்? வேலையிலிருந்து விடுப்பு எடுப்பது வேறு, ராஜினாமா வேறு. நகையை அடகு வைப்பது வேறு, விற்பது வேறு. நம்பிக்கையைப் பற்றிச் சண்டை போட வேண்டாம். அந்த ஒரு முடிவைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

2. தேதியைச் சொன்னவர் தன் பெயரில் எதைத் திருப்ப முடியாதபடி விட்டிருக்கிறார்? அவருடைய நிறுவனம்?

3. பழைய சபை, பழைய நண்பர்கள், உறவுகளிடமிருந்து விலகச் சொல்கிறார்களா? தேதியைவிட இது ஆபத்து. மறுநாள் காலையில் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும்.

மார்ச் 2012

கேம்பிங்குக்கு 2011 ஜூனில் பக்கவாதம் வந்தது. அக்டோபர் 21-உம் கடந்தது. 2012 மார்ச்சில் நேயர்களுக்கு ஒரு கடிதம் வெளியிட்டார். தேதி குறித்தது தவறு, பாவம் என்று ஒப்புக்கொண்டார். அந்த நாளையும் அந்த நாழிகையையும் ஒருவனும் அறியான் என்ற வசனத்தைச் சொல்லி எச்சரித்தவர்கள் சொன்னதே சரி என்றார். இனி வேறு தேதி தேடும் எண்ணமே இல்லை என்றார். 92 வயதில், 2013 டிசம்பரில் இறந்தார். ஃபேமிலி ரேடியோ தன் பெரிய நிலையங்கள் சிலவற்றை விற்றுக் கடனை அடைத்து, சிறிய அளவில் தொடர்ந்தது.

தேதியை வைத்திருந்த காலமெல்லாம் மத்தேயு 24:36-ஐ ஒதுக்கி வைத்திருந்தவர், கடைசியில் அதே வசனத்தில் வந்து நின்றார். அந்த ஒப்புதலை நான் மனப்பூர்வமானதாகவே எடுத்துக்கொள்கிறேன். ஜூனில் பிறக்கவிருந்த அந்தக் குழந்தைக்கு, சொன்ன மாதத்தில் பிறந்திருந்தால், கடிதம் வந்தபோது ஒன்பது மாதம் ஆகியிருக்கும்.